விடியும்வரை ஒரு தர்க்கம்

பழனி மலையில் நிற்கும் முருகன் ஆண்டி. கோவணமும் கையில் தண்டமும்தான் அவனுக்கு அடையாளம். அந்தக் கருவறையில் வள்ளியும் இல்லை, தெய்வானையும் இல்லை. அதே மலைத்தொடரின் கிழக்கிலும் தெற்கிலும் வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பெரியகுளம் வட்டாரங்களில் கோயில் கொடையும் பொங்கலும் வந்துவிட்டால், அந்த ஆண்டி வேடனாக வந்து ஒரு வேடர்குலப் பெண்ணிடம் வாதாடித் தோற்கிறான். கிழவனாக வந்து மறுபடி வாதாடுகிறான். கிழக்கு வெளுக்கும்போது மாலை மாற்றிக்கொள்கிறான். 'வள்ளி திருமணம்' என்ற இந்த நாடகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தென் தமிழ்நாட்டில் ஓயாமல் நடந்துவருகிறது. இதைப் பற்றிப் படித்தவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய உயர்ந்த பக்தி நாடகத்தைப் பிற்காலத்தில் பபூனும் டான்ஸும் சேர்ந்து கெடுத்துவிட்டார்கள். அந்தக் கேலிக்கூத்தை அகற்றிப் பழைய தூய வடிவத்தை மீட்டெடுக்க வேண்டும் என்பார்கள். இந்த முடிவு வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறது என்று நான் கருதுகிறேன். வள்ளி திருமணம் அடிப்படையிலேயே ஒரு நகைச்சுவை இசை நாடகம். அதன் நகைச்சுவையை யாரும் ஏட்டில் எழுதி முடித்துவைக்காமல் விட்டதால்தான் அது இன்றும் மேடையில் நிற்கிறது.

இந்தக் கதையின் அமைப்பு சுவாமிகளுக்கு மிகவும் முந்தியது. சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணைக்கு முருகன் தெய்வம், தினை உணவு, கிளியோட்டுவது தொழில், புணர்தல் உரிப்பொருள். தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் தலைவன் வேட்டைக்கு வந்தவன்போல வந்து, தன் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்பான். கோவை நூல்களில் இதற்குக் கெடுதி வினாதல் என்றே ஒரு துறை இருக்கிறது. யானையும் இல்லை, அம்பும் இல்லை என்பது அந்தப் பெண்ணின் தோழிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அவள் செய்யும் கேலியும், அவன் கொண்டுவரும் தழையாடையை இந்தத் தழை எங்கள் மலையில் கிடையாது, கண்டால் ஊரார் சந்தேகப்படுவார்கள் என்று சாக்குச் சொல்லித் திருப்பியனுப்பும் சேட்படைத் துறையும் சிரிப்பை எழுப்புவதற்காகவே வகுக்கப்பட்டவை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினை காக்கும் பெண்கள், வேட்டை நாய்களோடு வரும் இளைஞன், காணாமல்போன விலங்கைப் பற்றிய விசாரிப்பு, பின்பு மதயானை வர அவள் அவனருகே ஒதுங்குவது எல்லாம் ஏற்கனவே வரிசையாக வந்துவிடுகின்றன. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தின் முடிவில் வள்ளியின் திருமணத்தைப் பாடும்போது அதே வரிசைதான். யானையாக வருபவர் அங்கே பிள்ளையார். கிழவேடம் போட்ட கடவுள் தேனும் தினைமாவும் வாங்கித் தின்று விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிறார். விக்கல் எடுக்கும் கடவுளை மேடையில் வைத்துவிட்டு, இங்கே சிரிக்கக்கூடாது என்று சொல்ல யாரால் முடியும்? தொல்காப்பியமும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது.

புராணப்படி வள்ளி பிறந்தது வட ஆர்க்காட்டு வள்ளிமலை. பழனி மலைக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். குறிஞ்சி என்பது ஓர் ஊரின் பெயரல்ல, தினை விளையும் எந்த மலைக்கும் உரிய வாழ்க்கை என்பதே இதற்குப் பதில். ஆவியர் குடியின் பொதினியாகச் சங்கப்பாட்டில் வரும் இந்த மலைக்கு அந்த உரிமை குறைவில்லாமல் உண்டு. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியதிலிருந்து, இதே மலைமேல் இருக்கும் கொடைக்கானல் வெள்ளைக்காரர்களின் கோடை வாசஸ்தலமாக வளர்ந்த ஊர். அங்கேயே 1936-இல், இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் கட்டுவித்த கோயிலில் முருகனுக்குக் குறிஞ்சி ஆண்டவர் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கோயில் பிற்பாடு பழனித் தேவஸ்தானத்தின் பொறுப்பில் சேர்ந்தது. கீழே பழனியிலும் ஆண்டி தனியாக இருப்பது உச்சியில் மட்டும்தான். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் உற்சவரான முத்துக்குமாரசுவாமிக்கு வள்ளி தெய்வானையோடு திருக்கல்யாணம் நடக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகளுக்கும் பழனிக்கும் உள்ள தொடர்பு இதைவிட நேரடியானது. 1867-இல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் அவர். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். செய்யுள் இலக்கணத்தைக் கற்றது பழனி தண்டபாணி சுவாமிகளிடம். உடன் படித்தவர் உடுமலை சரபம் முத்துசாமிக் கவிராயர். சினிமாப் பாட்டில் பிற்காலத்தில் பெரும்பெயர் பெற்ற உடுமலை நாராயண கவிக்கு இந்தக் கவிராயர்தான் ஆசிரியர். ஆக, பழனி மலையின் வடமேற்கு அடிவாரத்தில் இருந்த ஒரு தமிழ்ப் படிப்பு மரபு மேடைக்கும் திரைக்கும் பாட்டெழுதும் இருவரை, ஒரு தலைமுறை இடைவெளியில், கொடுத்திருக்கிறது. சுவாமிகள் நாடகத்துக்கு வந்த காலத்தில் பார்சி கம்பெனிகளும் மராட்டிய சங்கீத நாடகக் குழுக்களும் தெற்கே வந்துபோன பின், படுதாவும் ஹார்மோனியமும் புதிய மெட்டுகளும் தமிழ் மேடையில் நிலைத்துவிட்டன. அவர் அந்த மெட்டுகளோடு வெண்பா, விருத்தம், சிந்து, கும்மி எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தார். தாளத்தில் அவருக்கு இருந்த பிடிப்பு புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வீட்டிலிருந்து வந்தது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த அந்த மேதை அவரைத் தம் பிள்ளையாகவே பாவித்தார். சுவாமிகள் அறுபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியதாகச் சொல்வார்கள். நமக்குக் கிடைத்திருப்பவை அதில் ஒரு சிறு பகுதி. அந்தச் சிறு பகுதியிலும் அதிகமாக மேடையேறுவது இது ஒன்றுதான்.

ஏன் இது? பக்தி என்றால் பிரகலாதன் இருக்கிறான். சோகம் என்றால் கோவலன் இருக்கிறான். காதல் என்றால் பவளக்கொடியும் அல்லி அர்ஜுனாவும் இருக்கின்றன. ஆனால் வள்ளி திருமணத்தில் கதை மிகக் குறைவு. ஒருத்தி தினைப்புனம் காக்கிறாள். நாரதர் வருகிறார், வாதாடுகிறார். வேடன் வருகிறான், வாதாடுகிறான். கிழவன் வருகிறான், யானை வருகிறது, கல்யாணம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இருப்பது முழுக்கத் தர்க்கம். இந்த இடங்கள் நடிகருக்கென்றே திறந்துவிடப்பட்டவை. நாரதராக வருபவர் புராணத்திலிருந்து ஒரு சிக்கலான கேள்வியை எடுத்துப் போடுவார். வள்ளி அதற்கு விருத்தத்திலோ வசனத்திலோ, உடனடியாக, கேட்டவர் வாயடைத்துப்போகும்படி பதில் சொல்ல வேண்டும். ஹார்மோனியக்காரர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடிக்கொண்டே இருவரில் யார் கை ஓங்குகிறது என்று கவனித்துச் சுருதியை ஏற்றுவார். மிருதங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆல்ரவுண்டுக்காரர் டோலக்கும் ஜால்ராவும் வைத்துக்கொண்டு, சரியான பதில் விழுந்த கணத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். கூட்டம் அந்தத் தட்டுக்குத்தான் காத்திருக்கிறது. ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் அன்று இரவுதான் வந்து சேர்கிறார்கள். பல சமயம் கொட்டகைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் முதல் பேச்சே. இப்படித் தனித்தனியாக அமர்த்திக்கொண்டு நடத்துவதால்தான் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். இயக்குநர் என்று யாரும் இல்லாத இந்த முறை எட்டு மணி நேரம் தாங்குகிறது என்றால், ஒவ்வொருவரும் தம் பங்கை எவ்வளவு ஆழமாகக் கற்றிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தத் திறந்த இடத்தில்தான் பெரிய கலைஞர்கள் பிறந்தார்கள். கொடுமுடியிலிருந்து பங்குனி உத்திரத்துக்குக் காவிரித் தீர்த்தம் காவடியாகப் பழனிக்கு வருவது கொங்கு நாட்டு வழக்கம். அதே கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் 1926-இல் கொழும்பில் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு மேடையேறினார். அவர் வள்ளி, இவர் வேலன். மைக் இல்லாத காலம். கடைசி வரிசை வரை போகும் குரல் இருவருக்கும் இருந்தது. ஒருவர் பாட்டை மற்றவர் மேலே எடுத்துப் போவதைக் கேட்கத்தான் அன்றைய கூட்டம் வந்தது. அது மேடையில் நடந்த நேரடிப் போட்டி, அதிலிருந்த விளையாட்டே கவர்ச்சி. மறு ஆண்டு இருவரும் மணம் செய்துகொண்டார்கள். 1933 டிசம்பரில், 27 வயதில், கிட்டப்பா இறந்துபோனார். எஸ்.எஸ்.விசுவநாததாஸ் இந்த இடத்தை வேறு வகையில் பயன்படுத்தினார். பறவை விரட்டும் ஆலோலம் பாட்டில் வெள்ளையரைக் கொக்காக உருவகித்து மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டை அவர் பாடினார். கூட்டம் சிரித்தது, போலீஸ் வந்தது, சிறைக்குப் போனார், வெளியே வந்து மறுபடி பாடினார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் மயில்மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. நாடகத்தை எழுதியவர் கனவிலும் நினைத்திராத ஒரு பொருளை அதற்குள் வைக்க முடிந்தது, அதற்கு இடம் இருந்ததால்தான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. இஷ்டத்துக்குப் பேசும் பெரிய நடிகர்களின் கட்டுப்பாடின்மை பிடிக்காமல்தான் அவர் சிறுவர்களை வைத்துக் கம்பெனி நடத்த முனைந்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் மேடையேறினார்கள். எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' முழுவதையும் எழுதிக் கொடுத்த ஒருவர் தம் சொல்லுக்கு அந்த மதிப்பை எதிர்பார்த்ததில் தவறில்லை. ஆசிரியரே நிலையான பிரதியை விரும்பினார் என்றால், மேடையில் அவரவர் கட்டிக்கொள்ளும் பேச்சை எப்படி நியாயப்படுத்துவது? நடந்ததைப் பார்ப்பதுதான் இதற்கு விடை. பாய்ஸ் கம்பெனிகள் தமிழ் நடிப்புக்குச் செய்த சேவை மிகப் பெரியது, என்.எஸ்.கிருஷ்ணன் போன்ற நகைச்சுவை மேதை கூட அந்தப் பள்ளியில் தேறியவர்தான். ஆனால் அந்தக் கம்பெனிகள் எல்லாம் சினிமா வளர வளர ஒவ்வொன்றாகக் கலைந்தன. காட்சி ஜோடனையும் மனப்பாட வசனமும் அவற்றின் பலம். அந்த இரண்டையும் சினிமா அவற்றைவிட நன்றாகச் செய்தது. 1933-இல் டி.பி.ராஜலட்சுமி வள்ளியாக நடித்த 'வள்ளி திருமணம்' படம் வந்து வெற்றியும் பெற்றது. அதற்குப் பிறகும் கிராமத்தார் நாடகத்தைக் கைவிடவில்லை. படத்தில் வள்ளி சொல்லும் பதில் என்றைக்கும் ஒன்றுதான். மேடையில் அவள் என்ன சொல்வாள் என்பது அன்றைக்கு வரும் நாரதரைப் பொறுத்தது. சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அவர் அஞ்சிய அதே ஸ்பெஷல் நடிகர்கள்தான் அவருடைய பாட்டுகளை இன்றுவரை தொண்டையில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் நடிகர் சங்கங்களில் ஆண்டுதோறும் அவருக்குக் குருபூஜை செய்பவர்களும் அவர்களே.

அச்சுப் பிரதியை நம்பியே வாழ்ந்த இசை நகைச்சுவையும் உலகத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். லண்டனில் கில்பர்ட்டும் சல்லிவனும் சுவாமிகளின் இளமைக்காலத்தில் எழுதிய நாடகங்களை டாய்லி கார்ட் கம்பெனி ஓர் அசைவும் மாறாமல் தலைமுறை தலைமுறையாக நடத்தியது. 1961-இல் காப்புரிமை முடியும்வரை தொழில்முறையில் அங்கே வேறு யாரும் அவற்றைத் தொட முடியாது. ஆனால் அந்தக் கம்பெனி 1982-இல் மூடப்பட்டது. 1980-இல் நியூயார்க்கில் ஜோசப் பாப், பாட்டுக்குப் புதிய வாத்தியங்களைச் சேர்த்து, விளையாட்டைக் கூட்டி, அவர்களுடைய 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்' நாடகத்தைத் திறந்தவெளியில் போட்டார். அது பிராட்வேக்குப் போய் 700 காட்சிகளுக்கு மேல் ஓடியது. சிரிப்பு நாடகத்துக்கு நேற்றைய சிரிப்பு போதாது என்பதை அங்கேயும் கண்டுகொண்டார்கள்.

அடுத்த குற்றச்சாட்டு ஆபாசம். இதை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் ஸ்பெஷல் நாடகத்தில் முதல் இரண்டு மணி நேரம் பபூனுக்கும் டான்ஸ் பெண்ணுக்கும் உரியது. முதலில் பபூன் தனியாக வந்து பாடிப் பேசுவார். பின்பு டான்ஸ் வருவார். இருவரும் வழியில் மோதிக்கொண்டு சண்டை பிடித்துக் கடைசியில் காதலில் விழுவார்கள். நள்ளிரவுக்குப் பிறகே வள்ளி. இந்த மேடையைப் பற்றி விரிவான நூல் எழுதிய அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர், பபூனின் சிலேடைகளின் பாரம் முழுவதும் டான்ஸ் பெண்ணின் மானத்தின் மேல் விழுவதைக் காட்டியிருக்கிறார். அது உண்மை. பொது மேடையில் ஆடவரோடு நின்று பேசியதற்காகவே இந்தப் பெண்கள் தலைமுறைகளாக இழிசொல் சுமந்திருக்கிறார்கள். மேடையில் கைதட்டியவர்களே காலையில் அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். மலைமக்களுக்கும் ஒரு நியாயமான மனக்குறை இருக்கிறது. பழனி மலையில் தேன் எடுத்து வள்ளிக்கிழங்கு அகழ்ந்து வாழ்ந்த பளியர்களை இந்த மேடை கண்டதே இல்லை. குறவர் பெயரையோ கொச்சையான ஆட்டங்கள் பயன்படுத்திக்கொண்டன. 2023-இல் குறவன் குறத்தி ஆட்டத்துக்கு அரசு தடை விதித்தது அந்த மக்களின் நீண்ட போராட்டத்தால்தான். அது சரியான முடிவு. ஆனால் இவை எல்லாம் எந்தச் சிரிப்பு வேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்விகள். சிரிப்பே வேண்டாம் என்பதற்கு இவற்றில் ஆதாரம் இல்லை. கதையின் நடுவிலேயே இதற்கான அளவுகோல் இருக்கிறது. வள்ளி தர்க்கத்தில் கேலிக்கு ஆளாகிறவள் அல்ல, கேலி செய்கிறவள். வேடனைத் துரத்துகிறாள், நாரதரை மடக்குகிறாள், கிழவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஊர் கும்பிடும் கடவுளை ஒரு பெண் விடியும்வரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பதை ஊரே ரசிக்கும் இன்னொரு மேடை நம்மிடம் எங்கே இருக்கிறது? டான்ஸ் பெண்ணுக்கும் அந்த உரிமையைக் கொடுத்து பபூனுக்கு எதிர்ப்பேச்சுப் பேசவிட்டால் ஆபாசம் தானே குறையும்.

ஆகவே இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி, பபூனை நீக்கி, பாட்டுகளை மட்டும் கோத்து அரங்குக்குள் கொண்டுவரும் முயற்சிகள் எனக்கு உவப்பானவை அல்ல. அவற்றில் நல்ல சங்கீதம் கேட்கிறது, நாடகம் கேட்பதில்லை. ஆய்வாளர்கள் செய்த பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரிமளம் பத்மநாபன் போன்றோர் சுவாமிகளின் பாட்டுகளையும் மெட்டுகளையும் தேடித் தொகுத்திராவிட்டால் பாதி மறைந்திருக்கும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளியே அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் பாட்டுகள் ஏற்கனவே புத்தகத்திலும் பழைய இசைத்தட்டிலும் பாதுகாப்பாக உள்ளன. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம். அதில் தர்க்கம் அடங்கவில்லை. நாரதர் கேட்ட கேள்விகளும் வள்ளி சொன்ன பதில்களும் எந்த ஏட்டிலும் முழுமையாக இல்லை. அவை வயதான ஸ்திரீபார்ட்டுகளின் நினைவில் இருக்கின்றன. அவர்களில் பலர் மேடையை விட்டு விலகிவிட்டார்கள்.

பங்குனியிலிருந்து ஆடிவரை திண்டுக்கல், மதுரை, தேனி மாவட்டங்களில் திருவிழா நாடகங்கள் நடக்கும். இயல் இசை நாடக மன்றமும் பல்கலைக்கழகங்களும் இந்தப் பருவத்தில் சில இரவுகளையாவது பத்து மணியிலிருந்து விடியும்வரை, பபூன் பேச்சு உட்பட ஒன்றும் வெட்டாமல், நடிகர்களின் பெயரோடும் ஊதியத்தோடும் பதிவு செய்ய வேண்டும். விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: நாடகத்துக்கு ஒதுக்கும் நேரத்தைச் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்காகக் குறைக்காதீர்கள், வள்ளியும் நாரதரும் பேச வேண்டிய நேரம் முழுவதையும் அவர்களுக்குக் கொடுங்கள்.